லோகோவில் நின்ற அத்தையின் போன்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: போனைக் கெடுத்தது நான்தான். அந்தப் போனில் முன்பு கை வைத்த கடைக்காரன் பாதி, நான் பாதி என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் அத்தை என் கையில் கொடுத்தபோது அது ஓடிக்கொண்டிருந்த போன். அரை மணி நேரம் கழித்து, சாம்சங் என்ற எழுத்து மட்டும் மின்னி மின்னி மங்குகிற கறுப்புப் பலகை.

ரங்கூனில் சின்ன அச்சுக்கூடம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதி அட்டை. பர்மியம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுத்துக் கோப்பது பிழைப்பு. அதனால் குடும்பத்தில் யாருக்கு எழுத்து உடைந்து வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அத்தையும் அப்படித்தான் வந்தார். ஞாயிற்றுக்கிழமை காளி கோயிலுக்குப் போய்விட்டு, கையில் குங்குமப் பொட்டலத்தோடு நேராகக் கடைக்கு.

"என்னப்பா இது, சிங்கப்பூர்ல இருந்து பேத்தி எழுதுறதெல்லாம் உடைஞ்சு உடைஞ்சு வருது. என் கண்ணு போச்சா, போனு போச்சா, பாரு."

கண் போகவில்லை. திரையில் பர்மிய எழுத்துகள் கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கமாகக் கிடந்தன. நடுநடுவே புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு.

ஜோஜி என்னவென்று தெரியாதவர்களுக்குத் தமிழை வைத்தே சொல்லிவிடலாம். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முதலில் கண்ணில் படுகிறது, ககரம் பிறகு. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்கள் கொம்பைத்தான் முதலில் தட்டினோம், கோப்பிலும் அது அதே வரிசையில்தான் உட்கார்ந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோட் முறை வந்த பிறகு கோப்புக்குள் ககரம் முதலில், கொம்பு அப்புறம். திரையில் காட்டும்போது இடம் மாற்றுவது எழுத்துருவின் வேலை. பர்மிய எழுத்திலும் அதே மாதிரி இடப்பக்கம் நிற்கும் ஒரு கொம்பு உண்டு. ஜோஜி அதைப் பழைய பாமினி வழியில் முன்னால் வைக்கிறது. அது மட்டுமில்லை. ஒரே குறியை அகலமாக, குறுகலாக, இன்னும் வளைவாக என்று பல உருவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்திருக்கிறது. அந்த எண்களோ மோன், ஷான், கரேன் மொழிகளின் எழுத்துகளுக்கென்று யூனிகோட் ஒதுக்கிய இடங்கள். அடுத்த வீட்டுத் திண்ணையில் நம் மூட்டையைப் போட்ட கதை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்ததால் ஏதோ பழைய எழுத்துரு என்று பார்த்தவுடன் பிடித்துவிடலாம். ஜோஜி பர்மிய யூனிகோடின் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டதால் கணினிக்கே குழப்பம்.

2019 அக்டோபர் 1ஆம் தேதியை நாடு முழுக்க யூனிகோடுக்கு மாறும் நாளாக அறிவித்தார்கள். பேத்தி மாறிவிட்டாள். அத்தையின் போன் மாறவில்லை.

போன் சாம்சங் கேலக்ஸி ஜே7 பிரைம், மாடல் எண் எஸ்எம்-ஜி610எஃப். 2016இல் வந்தது. மாமா 2017இல் அத்தைக்கு வாங்கிக் கொடுத்தார். சிம் கார்டு லட்சக்கணக்கான சாட்டுக்கு (எங்கள் ஊர்ப் பணம்) விற்ற காலம் போய், 2014இல் ஊரிடூ, டெலினார் என்ற போன் நிறுவனங்கள் 1500 சாட்டுக்குச் சிம் கொடுக்க ஆரம்பித்த பிறகு, எங்கள் வீடுகளில் ஒவ்வொருவராகப் போன் வாங்கிய வரிசையில் அத்தைக்குக் கடைசி இடம். வாங்கிய கையோடு ஒரு போன் கடையில் கொடுத்து 'பர்மிய எழுத்துப் போட்டு' வாங்கி வந்தார்கள். அந்தக் காலத்தில் அது எல்லாரும் செய்ததுதான். எழுத்துப் போடுவது என்றால் போனை ரூட் செய்வது (நிறுவனம் பூட்டி வைத்த உள் கோப்புகளைத் தொட வழி திறப்பது), உள்ளே இருக்கும் எழுத்துருக் கோப்பைத் தூக்கிவிட்டு ஜோஜியை அதே பெயரில் வைப்பது. கூடவே கடைக்காரரே கூகுள் கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுத்திருக்கிறார். கடவுச்சொல் என்னவென்று அத்தைக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரிந்திருக்காது. இது பின்னால் பெரிய விஷயமாகிறது, நினைவில் வையுங்கள்.

மாமா 2019 தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

சரி, நான் செய்த புத்திசாலித்தனம். போன் ரூட் ஆகித்தானே இருக்கிறது, அவர்கள் செய்ததைத் திருப்பிச் செய்தால் போயிற்று என்று, கோப்பு பார்க்கும் செயலி வழியாக சிஸ்டம் அடைவுக்குள் ஃபான்ட்ஸ் பகுதிக்குப் போனேன். ஜோஜிக் கோப்பை அழித்தேன். யூனிகோட் கோப்பு ஒன்றை அதே பெயரில் ஒட்டினேன். அனுமதிகளைச் சரிபார்க்கவில்லை. பழைய கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு மூன்று இடத்தில் நகல் வைக்கிறவன் நான்! போனை அணைத்துப் போட்டேன். லோகோ வந்தது. மங்கியது. மறுபடி மின்னியது. பத்து நிமிடம், இருபது நிமிடம், அப்படியே.

அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "அப்டேட் ஆகுது அத்தை, நாளைக்கு வாங்க" என்றேன். பொய்தான்.

"மாமா மெசேஜெல்லாம் அதுல இருக்கு, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த மாதிரி போனை மகாபண்டுலா சாலையில் எந்தக் கடையில் கொடுத்தாலும் ஒரு மணி நேரத்தில் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் போடுவதுதான் அவர்களுக்குச் சுலபமான வழி. அழித்துவிட்டால் இரண்டு ஆபத்து. மாமாவின் குறுஞ்செய்திகளும் படங்களும் போகும். அப்புறம் போன் எழுந்தவுடன், முன்பு இதில் இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடு என்று கேட்டு நிற்கும். திருட்டுப் போன்களுக்கு எதிராக வைத்த பூட்டு அது. அமைப்புகளுக்குள் போய் முறையாக அழிக்காமல் வெளியிலிருந்து அழித்தால் அந்தப் பூட்டு விழும். கடவுச்சொல் தெரிந்த ஒரே மனிதர் எந்தக் கடையிலோ, எந்த ஊரிலோ. எனவே எதையும் அழிக்காமல் சாஃப்ட்வேரை மட்டும் புதிதாகப் போட வேண்டும், அதை நானே செய்ய வேண்டும்.

மறுநாள் முதல் வேலையாக டவுன்லோட் மோட், கணினியிலிருந்து சாஃப்ட்வேர் ஏற்றுவதற்கான நிலை. போனை அணைத்து, ஒலி குறைக்கும் பட்டன், ஹோம் பட்டன், பவர் பட்டன் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் நீலப் பச்சைத் திரையில் ஓர் எச்சரிக்கை வரும். ஒலி கூட்டும் பட்டனைத் தட்டினால் உள்ளே போகலாம். லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் போன் அணைய மறுக்கும். ஒலி குறைக்கும் பட்டனையும் பவரையும் பத்து வினாடி அழுத்திப் பிடித்து, திரை கறுக்கும் அந்தக் கணத்தில் ஹோம் பட்டனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு நான்காவது முறைதான் கை வந்தது.

அந்தத் திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. படியுங்கள். மாடல் பெயர் அங்கே இருக்கும், மூடியில் ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம், மூடி மாற்றியிருப்பார்கள். அதற்குக் கீழே இப்போது இருக்கும் மென்பொருள் நிறுவனத்துடையதா, வேறொருவர் போட்டதா என்று ஒரு வரி. எங்கள் போனில் 'கஸ்டம்' என்று இருந்தது. வாரண்டி வரியில் 1. அது நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் குறி. அதிகாரபூர்வமில்லாத எதையாவது ஏற்றிய நாளில் உள்ளே ஒரு மின் உருகி எரிந்துபோகிறது, பிறகு என்ன செய்தாலும் 0 ஆகாது. இன்னொரு வரியில் பி என்ற எழுத்தை ஒட்டி ஓர் எண். போனை எழுப்பும் முதல் நிரலான பூட்லோடரின் படிநிலை அது. அந்த எண்ணைவிடக் குறைந்த படிநிலை உள்ள மென்பொருளைப் போன் ஏற்காது. இங்கே 1. நல்லது, தடை இல்லை.

கஸ்டம் என்று பார்த்ததும் ஒரு யோசனை. ரூட் செய்த கடைக்காரர் எந்த வழியாகச் செய்திருப்பார்? அந்தக் காலத்தில் பெரும்பாலும் டிடபிள்யூஆர்பி என்ற மாற்று ரெகவரியை ஏற்றித்தான். ரெகவரி என்பது ஆண்ட்ராய்டு எழாவிட்டாலும் தனியாகத் திறக்கும் பழுதுபார்க்கும் மெனு. அது இன்னும் உள்ளே இருக்குமோ? இந்த முறை ஒலி கூட்டும் பட்டன், ஹோம், பவர். வந்தது! ஆறு வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத அந்த மெனு, கறுப்பும் நீலமுமாக வந்து நின்றது. முந்தின இரவு முழுக்கத் திட்டித் தீர்த்த மனிதரை அந்த இடத்தில் மனதாரக் கும்பிட்டேன். அவர் விட்டுப்போன பின்கதவு அது.

டேட்டா பகுதியும் திறந்துதான் இருந்தது. ரூட் போடும்போதே குறியாக்கத்தை எடுத்துவிட்டிருக்க வேண்டும். கேபிளைச் சொருகினால் கணினியில் போனின் அடைவுகள் தெரிந்தன. கேமரா படங்கள், வைபர் படங்கள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் முதலில் இழுத்து வைத்தேன். குறுஞ்செய்திகள் இப்படிக் கிடைக்காது, அவை தனியாக ஒரு தரவுத்தளக் கோப்பில் இருக்கும், பெயர் எம்எம்எஸ்எஸ்எம்எஸ்.டிபி. ஆண்ட்ராய்டு 7 முதல் அது டேட்டாவுக்குள் யூசர்_டிஇ என்ற அடைவின் அடியில், டெலிபோனி என்று பெயர் வரும் இடத்தில் ஒளிந்திருக்கும். ரெகவரியின் கோப்பு மேலாளர் வழியாக அதை மெமரி கார்டுக்கு நகலெடுத்து, அங்கிருந்து கணினிக்குக் கொண்டு வந்தேன். ஈஎஃப்எஸ் என்ற சின்னப் பகுதியையும் காப்பெடுத்தேன். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ சம்பந்தப்பட்டது அங்கேதான் இருக்கிறது, அது போனால் போன் இருந்தும் சிக்னல் இல்லை.

எல்லாம் கணினிக்கு வந்து, இரண்டாவதாக ஒரு பென் டிரைவிலும் ஏறிய பிறகுதான் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்திருந்த மொஹிங்காவைத் தொட்டேன். ஆறிக் கட்டியாகிக் கிடந்தது.

பின்கதவு கிடைத்ததும் சின்ன வைத்தியம் ஒன்றைப் பார்த்தேன். எழுத்துருக் கோப்பின் அனுமதியை 644, அதாவது எல்லாரும் படிக்கலாம் என்று, ஆக்கினால் எழுந்துவிடுமோ என்று. ஆக்கினேன். லோகோவைத் தாண்டவில்லை. கடைக்காரர் எழுத்துருப் பட்டியல் கோப்பிலும் கை வைத்திருந்தார், எது அசல் எது ஒட்டு என்று பிரிக்க முடியாத நிலை. ரூட் இருந்தால் பணம் அனுப்பும் செயலி திறக்க மாட்டேன் என்கிறது என்ற புகாரும் அத்தைக்கு ஏற்கெனவே உண்டு. ஆகவே முழுச் சாஃப்ட்வேர்.

எந்தப் பதிப்பு இருந்தது என்று தெரிய, சிஸ்டம் பகுதியில் உள்ள பில்ட்.ப்ராப் கோப்பை எடுத்து நோட்பேடில் திறந்தேன். சாம்சங் பதிப்புப் பெயர் பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் கடைசி ஐந்து எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். வலமிருந்து ஐந்தாவது, நான் மேலே சொன்ன பூட்லோடர் படிநிலை. அடுத்தது பெரிய பதிப்பு மாற்றத்தைக் காட்டும் எழுத்து: ஏ என்றால் போன் பிறந்தபோது இருந்தது, பி என்றால் அடுத்தது. மூன்றாவது வருடம்: பி 2016, கியூ 2017, ஆர் 2018, எஸ் 2019, அப்படியே வரிசை. நான்காவது மாதம், ஏ ஜனவரியில் தொடங்கி எல் டிசம்பர் வரை. கடைசியில் அந்த மாதத்தின் எத்தனையாவது பதிப்பு. எங்கள் போனில் பி, கியூ. அதாவது ஆண்ட்ராய்டு 7, 2017. சாம்சங் வழங்கியிருக்கும் கடைசிப் பதிப்பு ஆண்ட்ராய்டு 8.1. ஒரு படிதான் ஏறுகிறோம், முறையான அப்டேட்டில் போகிற அதே படி. உள்ளே இருப்பது தாங்கும் என்று நினைத்தேன். தாங்காவிட்டாலும் நகல் இருக்கிறது.

சாஃப்ட்வேரை இறக்க ஃப்ரிஜா என்ற சின்ன நிரல். அப்போது மாடல் எண்ணும் பிராந்தியக் குறியும் கொடுத்தால் சாம்சங்கின் சர்வரிலிருந்தே கோப்பை எடுத்தது, பூட்டியிருப்பதைத் திறந்தும் கொடுத்தது. கண்ட தளத்தில் கண்ட கோப்பை எடுப்பதைவிட அது எனக்கு நிம்மதி. கிட்டத்தட்ட இரண்டு ஜிபி. மற்ற ஊரில் இது ஒரு வரியில் முடிகிற விஷயம். எங்கள் தெருவில் அந்த மாதம் கரண்ட் நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும். முதல் முறை எழுபது சதவீதத்தில் போனது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, ஆனால் இறங்கி முடிந்த கோப்பு சிஆர்சி சரிபார்ப்பில் தேறவில்லை. அழித்துவிட்டு இரண்டாம் முறை, ராத்திரி ஒரு மணி முதல் ஐந்து வரை வருகிற கரண்டில், அலாரம் வைத்து எழுந்து. சரிபார்ப்பு என்ற அந்தச் சின்னப் பெட்டியில் தயவுசெய்து டிக் போடுங்கள். அது இல்லாமல் உடைந்த கோப்பைப் போனுக்குள் ஏற்றியிருப்பேன்.

ஜிப்பைப் பிரித்தால் ஐந்து கோப்பு. பிஎல் என்பது பூட்லோடர். ஏபி என்பது பெரியது, ஆண்ட்ராய்டு முழுவதும் அதில்தான். சிபி மோடம். மீதி இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம்: ஒன்று சிஎஸ்சி, இன்னொன்று ஹோம்_சிஎஸ்சி. இரண்டுமே நாடு, நிறுவன அமைப்புகளைத் தருபவை. ஆனால் சிஎஸ்சி போட்டால் உள்ளே இருப்பது முழுக்கத் துடைக்கப்படும், ஹோம்_சிஎஸ்சி போட்டால் இருப்பது இருக்கும். மொத்த வேலையிலும் அத்தையின் ஆறு வருடம் நின்றது இந்த ஒரு தேர்வில். அவசரத்தில் கை மாறிவிடக் கூடாதென்று சிஎஸ்சி கோப்பை வேறு அடைவுக்கு நகர்த்தி, அடைவுக்கு 'தொடாதே' என்று பெயர் வைத்தேன்.

ஏற்றுவதற்கு ஓடின். இது சாம்சங் பொதுமக்களுக்காக வெளியிட்ட கருவி இல்லை. உள்ளுக்குள் புழங்கியது கசிந்து ஊரெல்லாம் பரவியது. அதனால்தான் கையேடு எதுவும் கிடையாது, எல்லாம் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் கேட்டது. லினக்ஸ்காரர்களுக்கு ஹைம்டால் என்று திறந்த மூலக் கருவி உண்டு. என்னிடம் இருப்பது விண்டோஸ், எனவே ஓடினும் சாம்சங் யூஎஸ்பி டிரைவரும்.

டிரைவரைப் போட்டு, போனை டவுன்லோட் மோடில் வைத்துச் சொருகினேன். ஒன்றும் இல்லை. டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ஒன்றும் இல்லை. கணினியை அணைத்துப் போட்டேன். அரை மணி நேரம் இப்படிப் போன பிறகு என் பையன் எட்டிப் பார்த்து, "அப்பா, அது பவர் பேங்க் கூட வந்த வயர்" என்றான். சார்ஜுக்கு மட்டுமான கேபிள். உள்ளே இரண்டு கம்பிதான் ஓடும், தரவுக்கான இரண்டும் இருக்காது. பார்வைக்கு வித்தியாசமே கிடையாது. முன்பு படங்களை இழுத்த கேபிள் எங்கே என்று தேடினால், பையன் அதை எடுத்துக்கொண்டு போயிருந்தான். வாங்கி மாட்டியதும் ஓடினின் முதல் பெட்டி நீலமானது, காம் என்றும் ஓர் எண்ணும் வந்தது, கீழே பதிவில் 'ஆடட்' என்று ஒரு வரி.

கோப்புகளை அதனதன் இடத்தில் வைத்தேன். ஏபியைத் தேர்ந்ததும் ஓடின் உறைந்துபோகும், விண்டோஸ் பதில் இல்லை என்று சொல்லும். மூடாதீர்கள்! கோப்பு முழுசாக இருக்கிறதா என்று உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் பழைய கணினியில் நாலைந்து நிமிடம் ஆனது. சிஎஸ்சி இடத்தில் ஹோம்_சிஎஸ்சி. அமைப்புப் பக்கத்தில் ரீபூட், ரீசெட் டைம் இரண்டும் தானாகவே டிக் ஆகியிருக்கும், அது போதும். ரீ-பார்ட்டிஷன், நான்ட் இரேஸ் என்று இருப்பவற்றின் பக்கமே போகக் கூடாது. ஈஎஃப்எஸ் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அதைக் கரைத்துக் குடிக்கிற பொத்தான்கள் அங்கேதான்.

கரண்ட் காலை ஒன்பதுக்கு வந்து ஒரு மணிக்குப் போகும் நாள். யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். போனில் சார்ஜ் எழுபது சதவீதம், ரெகவரித் திரையிலேயே விட்டுச் சார்ஜ் ஏற்றியது. பத்தரைக்கு ஸ்டார்ட்டை அழுத்தினேன்.

பதிவில் வரிகள் ஓட ஆரம்பித்தன. இனிஷியலைசேஷன் என்று ஆங்கிலத்தில் வருகிற வரியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும், அச்சுக்கூடக்காரன் கண்ணுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. எஸ்பூட், பூட், ரெகவரி எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. சிஸ்டம்.ஐஎம்ஜி என்று வந்ததும் போனில் ஒரு நீலக் கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. கோடு பாதி தாண்டியிருக்கும். நான் மூச்சுவிட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன், முழங்கை கேபிளில் பட்டது.

சிவப்பு. ஃபெயில்.

முன்பக்க யூஎஸ்பி துளை தளர்ந்து போயிருந்தது, எனக்குத் தெரியும், பென் டிரைவ் போட்டாலே ஆடும். தெரிந்தும் குனிந்து பின்பக்கம் போடச் சோம்பல். போனைப் பிடுங்கிப் போட்டால், மென்பொருள் புதுப்பிக்கும்போது பிழை ஏற்பட்டது, ஸ்மார்ட் ஸ்விட்ச் என்ற சாம்சங்கின் கணினி நிரல் வழியாக மீட்கவும் என்று ஓர் அறிவிப்பு. லோகோகூட இப்போது இல்லை. டிடபிள்யூஆர்பி பின்கதவும் போய்விட்டது, அந்த இடத்தில் புது ரெகவரி ஏறிவிட்டதே.

இங்கேதான் பலர் பயந்து வேறு எதையாவது முயல்கிறார்கள். சிஎஸ்சி போட்டுப் பார்ப்போமா, ரீ-பார்ட்டிஷன் செய்வோமா என்று. எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் பூட்லோடர் ஏற்கெனவே ஏறி முடிந்திருந்தது, அறுந்தது சிஸ்டம் நடுவில். பூட்லோடர் உயிரோடு இருந்தால் போன் கேட்கும். அந்தப் பிழைத் திரையிலேயே போன் டவுன்லோட் மோடில்தான் இருக்கிறது, முகம்தான் வேறு. மேஜையை இழுத்து, கணினியின் பின்பக்கம், தாய்ப்பலகையிலேயே இருக்கும் துளையில் கேபிளை மாட்டினேன். பெட்டி நீலமானது. அதே நாலு கோப்பு, அதே வரிசை. ஸ்டார்ட்டை அழுத்திவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். பையனை அறைக்குள் விடவில்லை.

சிஸ்டம்.ஐஎம்ஜி தாண்டியது. மோடம், கேஷ், ஹிடன். பச்சை. பாஸ்.

போன் தானாக எழுந்து லோகோவுக்குப் போனது. மறுபடி லோகோ! பத்து நிமிடத்துக்கு மேல் மின்னிக்கொண்டே இருந்தது. முதல் முறை அப்படித்தான், செயலிகள் ஒவ்வொன்றையும் புதுப் பதிப்புக்கு ஏற்பத் தயாரிக்கிறது என்று தெரிந்தும் வயிற்றைக் கலக்கியது. செயலிகளை ஒழுங்கு செய்கிறேன் என்று எண்ணிக்கை காட்ட ஆரம்பித்தபோதுதான் நிமிர்ந்தேன். அப்புறம் அத்தையின் முகப்புப் படம், சூலே பகோடாவின் முன்னால் மாமாவும் அத்தையும். கூகுள் கணக்கு எதுவும் கேட்கவில்லை. பேத்தியின் செய்திகளைத் திறந்தேன். கொம்பு கொம்பின் இடத்தில், கால் காலின் இடத்தில்.

சாயங்காலம் அத்தை வந்தார். பேத்தி அனுப்பியதையெல்லாம் முதலிலிருந்து படித்தார், மூன்று மாதச் செய்தி. பேத்திக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அத்தைக்கும் தமிழ் கோயில் வகுப்பில் படித்ததோடு சரி, கூட்டித்தான் படிப்பார். இரண்டு பேருக்கும் எழுத்து என்றால் பர்மியம்தான். படித்து முடித்துச் சிரித்தார். அப்புறம் விரல் கீழே இறங்கி, மாமாவின் பெயரில் நின்றது.

நான் யோசித்தே பார்க்காத இடம் அது. மாமா 2019க்கு முன்னால் எழுதியவர். எழுதியது அத்தனையும் ஜோஜி. போன் இப்போது யூனிகோட். பேத்தியின் எழுத்து சேர்ந்தது, மாமாவின் எழுத்து உடைந்தது.

"இது என்னப்பா" என்றார் அத்தை. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"உள்ள இருக்கு அத்தை, அழியல. ரெண்டு நாள் குடுங்க."

எடுத்து வைத்திருந்த தரவுத்தளக் கோப்பு அப்போதுதான் உதவியது. அது சாதாரண எஸ்க்யூலைட் கோப்பு, கணினியில் அதற்கான பார்வை நிரலில் திறந்தால் எஸ்எம்எஸ் என்றொரு அட்டவணை. அதில் எண், தேதி, செய்தி என்று பத்திகள். தேதி 1970இலிருந்து மில்லி வினாடிக் கணக்கில் இருக்கும், ஆயிரத்தால் வகுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். மாமாவின் எண்ணிலிருந்து வந்தவை 412. அவற்றை ராபிட் என்ற மாற்றியில் போட்டேன். ஜோஜிக்கும் யூனிகோடுக்கும் இடையில் மாற்றுவதற்கென்றே இங்குள்ளவர்கள் எழுதியது, அச்சுக்கூடத்தில் பழைய கோப்புகளுக்கு நான் தினமும் பயன்படுத்துவது. எல்லாமே ஜோஜிதான் என்று தெரிந்திருந்ததால் வேலை சுலபம். எது எந்த வகை என்று தெரியாமல் கலந்து கிடந்தால் இரண்டு மூன்று எழுத்துச் செய்திகளில் எந்த நிரலும் தடுமாறும், இரண்டுமே ஒரே எண்களில் குந்தியிருப்பதால்.

மாற்றியதைத் தேதியோடு வரிசையாக்கி, 16 புள்ளி எழுத்தில், ஏ4 தாளில் அச்சடித்துத் தைத்துக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். கொடுப்பதற்கு முன் நானும் படித்தேன், பிழை பார்க்க வேண்டுமே. அரிசி வாங்கியாச்சு. பஸ் கிடைக்கல, நடந்து வரேன். மீன் வாங்காதே, விலை ஜாஸ்தி. மருந்து தீர்ந்துபோச்சு. மீன் வாங்காதே. எல்லாம் இப்படித்தான்.

அத்தை கடையிலேயே உட்கார்ந்து புரட்டினார். கரண்ட் போயிருந்தது, வாசல் வெளிச்சத்தில் படித்தார். "இந்த மனுஷனுக்கு எப்பவும் விலை ஜாஸ்திதான்" என்றார் ஓர் இடத்தில். நாலாவது பக்கத்தில் ஒரு வரி சரியாக மாறவில்லை. மாமா தட்டும்போதே ஏதோ எழுத்தை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார், மாற்றும் நிரல் அதைப் புள்ளி வட்டமாக்கிவிட்டது. நானும் அரை மணி நேரம் பார்த்து, புரியாமல் அப்படியே விட்டிருந்தேன். அத்தை ஒரு நொடிகூட நிற்கவில்லை. மேஜையிலிருந்து என் பென்சிலை எடுத்து, வட்டத்தை அடித்துவிட்டு, மேலே சரியான சொல்லை எழுதினார்.

"கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கன்னு அர்த்தம். நைட் ஷிப்ட்டுக்குப் போறப்ப அனுப்புவாரு."

வெளியே தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ!" என்று கத்தினார்கள். கரண்ட் வந்துவிட்டது. அத்தை அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.